வெள்ளைக்கழிச்சல்: நோய்க்கும் ஊசிக்கும் நடுவே உள்ள இரண்டு வாரம்

கொல்லையில் பத்துப் பதினைந்து கோழி வைத்திருப்பவர்களிடம் இரண்டு பேச்சை அடிக்கடி கேட்கலாம். ஒன்று: "சீக்கு வந்துச்சு, மருந்து கொடுத்தோம், கேக்கல." இன்னொன்று: "ஊசி போட்டாங்க, நாலாம் நாள் அத்தனையும் செத்துப்போச்சு." இரண்டிலும் நடந்தது உண்மை. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு. அந்தத் தவறான காரணத்தை நம்பி அடுத்த ஆண்டு ஊசியே வேண்டாம் என்று விட்டுவிடும் வீடுகளில்தான் மறுபடியும் கூடு காலியாகிறது. கோழி விற்ற காசில் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் குடும்பத்துக்கு இது சின்ன இழப்பு இல்லை. ஆகவே இந்த நோய் எப்படி வருகிறது, ஊசி எப்படி வேலை செய்கிறது, இரண்டுக்கும் எத்தனை நாள் பிடிக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## எந்த நோய் இது

தமிழ்நாட்டில் வெள்ளைக்கழிச்சல், கோழிக்கழிச்சல் என்று சொல்வதும், கால்நடை மருந்தகத்தில் ராணிக்கெட் என்று எழுதுவதும், உலகின் மற்ற இடங்களில் நியூகாசில் நோய் என்று அழைப்பதும் ஒரே நோய்தான். 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும், இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கெட்டிலும் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன.

இதற்குக் காரணம் ஒரு வைரஸ். வைரஸ் என்பது உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால் மட்டுமே பெருகக்கூடிய மிகச் சிறிய நோய்க்கிருமி. தடுப்பூசி போடாத கூட்டத்தில் வீரியமான வகை புகுந்தால் சில நாளில் ஏறக்குறைய எல்லாக் கோழிகளுமே போய்விடலாம்.

அறிகுறிகள் எல்லாக் கோழியிலும் ஒன்றுபோல் வராது. தீனி எடுக்காமல் ஓரமாக நின்று இறக்கையைத் தொங்கவிட்டுத் தூங்கி வழிவது, பச்சையும் வெள்ளையும் கலந்த நீர்க்கழிச்சல், வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்குவது, கொர்கொர் சத்தம் ஆகியவை முதலில் தெரியும். நோய் நரம்பைத் தொட்டால் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுக்கும், கோழி வட்டமடித்துச் சுற்றும். முட்டையிடும் கோழி திடீரென்று முட்டையைக் குறைக்கும், இல்லாவிட்டால் ஓடு மெலிந்த தோல்முட்டை போடும். எந்த அறிகுறியும் காட்டாமல் இரவு நன்றாக அடைந்த கோழி காலையில் செத்துக் கிடப்பதும் உண்டு.

கழிச்சல் எல்லாமே வெள்ளைக்கழிச்சல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகள் மட்டும் ஆசனவாயில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு சாகின்றன என்றால் அது பெரும்பாலும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவின் வேலை. ரத்தம் கலந்து கழிந்தால் ரத்தக்கழிச்சல். அது குடலில் வளரும் ஒரு ஒட்டுண்ணியால் வருவது, அதற்குச் சரியான மருந்தும் இருக்கிறது. கொண்டையிலும் முகத்திலும் கொப்புளம் கிளம்பினால் அம்மை. அது வேறு வைரஸ், தடுப்பூசியும் வேறு.

பறவைக் காய்ச்சலை மட்டும் கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. கால்நடை மருத்துவராலும் ஆய்வகம் இல்லாமல் உறுதி சொல்ல இயலாது. போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்குநோய் நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பித்தான் அதை உறுதி செய்கிறார்கள். ஆகவே ஒரே நாளில் பல கோழிகள் செத்தால், அதிலும் அக்கம்பக்கத்தில் காகமோ வாத்தோ சேர்ந்து சாவதைப் பார்த்தால், எதையும் அறுத்துப் பார்க்காமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

## ஒரு கூரைத் தெரு

வரிசையாகக் கீற்றுக்கூரை வீடுகள் உள்ள தெருவில் ஒரு கூரையில் நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும்? காற்றில் பொறி பறந்து அடுத்த கூரை, அதற்கடுத்தது என்று போகும். நடுநடுவே ஓட்டு வீடுகள் இருந்தால் பொறி அவற்றின் மேல் விழுந்து அவிந்துவிடும், நெருப்பு தெரு முனை வரை போகாது. தடுப்பூசி போட்ட கோழி ஓட்டு வீடு, போடாத கோழி கீற்றுக்கூரை. உங்கள் வீட்டுக் கோழிக்கு மட்டும் ஊசி போட்டால் உங்கள் கூரை தப்பும். தெருவில் பெரும்பாலான வீடுகள் போட்டால்தான் நெருப்பு ஊருக்குள் நடமாடாது. எரியத் தொடங்கிய பிறகு ஓடு மாற்ற ஆள் கூப்பிடுவது எவ்வளவு பயன்தருமோ, கோழி சாகத் தொடங்கிய பிறகு ஊசிக்கு ஓடுவதும் அவ்வளவுதான்.

பொறி பறப்பது எப்படி? நோய்க்கோழியின் எச்சத்திலும், மூக்கு வாய் நீரிலும் வைரஸ் இருக்கிறது. அது தண்ணீர்த் தொட்டியிலும் தீனியிலும் விழுகிறது. செருப்பில், முட்டை அட்டையில், கோழி ஏற்றி வந்த கூடையில், சாக்கில் ஒட்டிக்கொண்டு போகிறது. வாத்தும் புறாவும் அதைச் சுமந்து வரலாம். வாத்து பெரும்பாலும் நோயைக் காட்டாமலேயே சுமக்கும்.

இவை எல்லாவற்றையும் விட வேகமாக அதைப் பரப்புவது சந்தை. ஒரு கோழி சோர்ந்து நின்றதும், மிச்சமிருப்பதையாவது காசாக்குவோம் என்று வியாபாரியிடம் தள்ளிவிடுகிறோம். அந்தக் கோழிகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே கிருமி ஏறியிருக்கும். ஒரு சந்தை நாளில் நாலு ஊருக்கு நோய் போய்ச் சேர்வது இப்படித்தான். வறுமையில் செய்வதைக் குற்றம் சொல்ல மனம் வராது. ஆனாலும் அதே சந்தையிலிருந்துதான் அடுத்த முறை நம் வீட்டுக்கும் கோழி வாங்கி வருகிறோம்.

இதுவரை பார்த்தது: இது வைரஸ் நோய். எச்சத்தாலும் மூக்கு வாய் நீராலும், மனிதர்கள் சுமந்து திரிவதாலும் பரவுகிறது. தெருவே சேர்ந்து தடுத்தால்தான் நிற்கும்.

## மருந்து ஏன் கேட்பதில்லை

வைரஸ் கோழியின் மூச்சுக்குழல், குடல், நரம்பு ஆகியவற்றின் செல்களுக்குள் புகுந்து, அந்தச் செல்லையே தன்னைப் போன்ற வைரஸ்களைச் செய்யும் பட்டறையாக மாற்றிக்கொள்கிறது. மருந்துக் கடையில் தரும் ஆண்டிபயாட்டிக், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து, பாக்டீரியாவுக்கே உரிய உறுப்புகளைத் தாக்குவது. வைரஸுக்கு அந்த உறுப்புகளே கிடையாது. டெட்ராசைக்ளின் பொடியை எவ்வளவு கரைத்து ஊற்றினாலும் அது இந்த வைரஸைத் தொடாது.

சில சமயம் மருந்து கொடுத்த பிறகு சில கோழிகள் தேறுவதைப் பார்க்கிறோமே? வைரஸ் புண்ணாக்கிய மூச்சுக்குழலில் பாக்டீரியா தொற்றிக்கொள்வது உண்டு. அந்த இரண்டாவது தொற்றை மருந்து அடக்கும். மற்றபடி தேறிய கோழி தன் சொந்த எதிர்ப்பால் தேறியதுதான். கீழாநெல்லி, மஞ்சள், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பதும் இதே கணக்கில்தான் வரும். சோர்ந்த கோழிக்கு ஆதரவாகக் கொடுக்கலாம். அதை நம்பி ஊசியை விடக் கூடாது.

## நாள் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிருமி உடம்பில் புகுந்த நாளுக்கும் முதல் அறிகுறி தெரியும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை நோயரும்பு காலம் என்பார்கள். இந்த நோயில் அது 2 முதல் 15 நாள், பெரும்பாலும் 5 அல்லது 6 நாள். அந்த நாட்களில் கோழி நன்றாக மேயும், கொக்கரிக்கும், முட்டை கூட இடும்.

தடுப்பூசியில் இருப்பதும் உயிருள்ள வைரஸ்தான், நோயை உண்டாக்கும் வீரியம் குறைந்த வகை. அதைப் பார்த்துக் கோழியின் உடல் எதிர்ப்பாற்றலை, அதாவது அந்தக் கிருமியை அடையாளம் கண்டு அழிக்கும் திறனை, உருவாக்கிக்கொள்கிறது. அது தலைகாட்ட ஒரு வாரம் ஆகும், நன்றாக ஊன்ற இரண்டு மூன்று வாரம் வேண்டும்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் கோழி சாகிறது என்று கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை ஊசி போடுகிறோம். அதற்கு இரண்டு நாள் முன்பே, வெள்ளிக்கிழமையன்று, நம் கோழிக்குள் நோய் வைரஸ் புகுந்துவிட்டிருக்கிறது. புதன் அல்லது வியாழக்கிழமை நோய் வெளிப்படும். ஊசியின் எதிர்ப்பாற்றல் அப்போது பாதி வழியில்தான் இருக்கும். கோழி சாகிறது. ஊசி போட்ட நாலாம் நாள் செத்தது என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், ஊசி நோயை முந்த வேண்டும். குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டிருந்தால்தான் முந்த முடியும்.

## எந்த வயதில் எது

குஞ்சு பொரித்த ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் முதல் தடுப்பு மருந்து. எஃப் ரகம் அல்லது லசோட்டா எனப்படும் வீரியம் மிகக் குறைந்த வகை, கண்ணிலோ மூக்குத் துளையிலோ ஒரு சொட்டு. ஊசி போட்ட தாய்க்கோழியின் குஞ்சுக்கு முட்டை வழியாகவே கொஞ்சம் எதிர்ப்பாற்றல் வந்திருக்கும். அது குஞ்சைக் காக்கும், அதே சமயம் மருந்தில் உள்ள வைரஸையும் ஓரளவு அழித்துவிடும். தாயிடமிருந்து வந்தது மூன்று நான்கு வாரத்தில் கரைந்துபோவதால்தான் 28ஆம் நாளில் லசோட்டாவை மறுபடி கொடுக்கிறோம். முதல் சொட்டு போட்டாயிற்றே என்று இரண்டாவதை விட்டுவிடும் வீடுகள் நிறைய. இரண்டாவது சொட்டுதான் தாங்கிப் பிடிப்பது.

எட்டு வாரம் முடிந்த பிறகு இறக்கையின் தோலுக்கடியில் 0.5 மி.லி. ஊசி. இது ஆர் டூ பி அல்லது ஆர்.டி.வி.கே. எனப்படும் சற்று வீரியமான வகை. சின்னக் குஞ்சுக்கு இதைப் போடக் கூடாது. கால் விழுந்துபோகலாம், சாகவும் செய்யலாம். ஊசிமேல் வரும் பழிகளில் நியாயமான பழி இது ஒன்றுதான், அதுவும் வயது பார்க்காமல் போட்டதால் வருவது. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை கோடைக்கு முன் பிப்ரவரியில் நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கே போடுவதும் இதனால்தான். முகாமுக்குப் பிறகு பொரித்த குஞ்சுகளுக்கு அந்த முகாமால் பயன் இல்லை. கொல்லையில் ஆண்டு முழுக்க அடை வைக்கிறோம், ஆகவே குஞ்சுகளின் சொட்டு மருந்துக்குத் தனியாக நாள் குறித்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த கோழிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மறுபடி போடுவது நல்லது.

ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம் செய்துவிடுங்கள். புழு தின்று மெலிந்த கோழியின் உடல், ஊசிக்குச் சரியாக எதிர்வினை காட்டாது. தீனியில் கலந்து தரக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. மரத்தில் அடையும், கைக்குச் சிக்காத கோழிகள் உள்ளவர்கள் அதைப் பற்றி மருந்தகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

## போட்ட ஊசி எங்கே வீணாகிறது

புட்டியில் இருப்பது உயிருள்ள பொருள். 2 முதல் 8 டிகிரி குளிரில்தான் அது உயிரோடு இருக்கும். சட்டைப் பையில் வைத்து வெயிலில் பத்துக் கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தால், வீட்டுக்கு வந்து சேரும்போது உள்ளே வெறும் பொடிதான் இருக்கும். ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியோ, ஐஸ் கட்டி நிரப்பிய பிளாஸ்குவோ கொண்டுபோங்கள். மருந்துக் கடையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறார்களா, அலமாரியிலிருந்தா என்று கண்ணால் பாருங்கள்.

கரைத்த மருந்தை நிழலில் வைத்து, ஐஸ் மேலேயே பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைப்பது வீண். ஊசிக்குழலை ஸ்பிரிட்டால் துடைத்தால் அந்த ஸ்பிரிட்டே மருந்து வைரஸைக் கொன்றுவிடும். கண்ணாடிக் குழல் என்றால் வெந்நீரில் கொதிக்க வைத்து, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அளவையும் கணக்குப் போட்டுக்கொள்வது எளிது. ஒரு கோழிக்கு 0.5 மி.லி. என்றால் 100 டோஸ் புட்டிக்கு 50 மி.லி. உப்புக் கரைசல். கண் சொட்டில் ஒரு சொட்டு சுமார் 0.03 மி.லி., ஆகவே 100 டோஸுக்கு 3 மி.லி. சொட்டுக்குழலுக்குக் குழல் சொட்டின் அளவு மாறும். புட்டியோடு வரும் கரைசலும் குழலும் இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு விட்டதும் கோழியை உடனே இறக்கிவிடாதீர்கள், கண்ணை மூடித் திறந்து சொட்டு உள்ளே போகும் வரை பிடித்திருங்கள்.

குடிநீரில் கலந்து தருவது பண்ணைக்குச் சரி. கொல்லைக்கு அது இரண்டாம்தரம் என்பது எங்கள் கருத்து. அடக்கி ஆளும் கோழி வயிறு முட்டக் குடிக்கும், ஒதுங்கி நிற்பது வாயே வைக்காது. அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்றால், ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர் வைக்காமல் தாகமெடுக்க விட்டு, குளோரின் கலக்காத கிணற்று நீரில், பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில், ஒன்றிரண்டு மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவு மட்டும் வையுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மருந்தைக் கொன்றுவிடும்.

இன்னொரு சிக்கல் காசு சம்பந்தப்பட்டது. வீட்டில் 12 கோழி, புட்டியில் 100 டோஸ். எட்டு வீடு சேர்ந்து ஒரே நாளில் ஒரு புட்டியை உடைத்தால் செலவும் குறையும், மருந்தும் வீணாகாது, கூரைத் தெரு முழுக்க ஒரே நாளில் ஓட்டுத் தெருவாகவும் மாறும். மகளிர் சுயஉதவிக் குழு உள்ள ஊரில் இது கைகூடாத காரியம் இல்லை. கோழியைப் பிடிக்க நல்ல நேரம் விடியற்காலை, கூடு திறப்பதற்கு முன்.

## நோய் வந்தேவிட்டால்

முதலில் யாருக்கும் விற்காதீர்கள், கொடுக்காதீர்கள், உறவுக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்து வைக்காதீர்கள். சோர்ந்த கோழியைத் தனிப் பஞ்சாரத்தில் போட்டு மூடுங்கள். தீனியும் தண்ணீரும் எப்போதும் நல்ல கோழிக்கு முதலில், நோய்க்கோழிக்குக் கடைசியில். அதற்குத் தனிச் செருப்பு, தனிப் பாத்திரம். முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். கழுவாத கையால் கண்ணைத் தேய்த்தால் மனிதர்களுக்குக் கண் சிவந்து நீர் வடியும். அது தானாகவே ஆறிவிடும், இருந்தாலும் கவனம் வேண்டும்.

மருத்துவருக்குச் சொல்லுங்கள். நோய் நுழைந்துவிட்ட கூட்டில் ஊசி போடுவதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். இன்னும் நோய் எட்டாத வீடுகளுக்குத்தான் ஊசி முதலில் போக வேண்டும். நோய் வீட்டிலிருந்து தொடங்கி அதே ஊசியோடு அடுத்த வீட்டுக்குப் போனால் நோயை நாமே கொண்டுபோய்க் குத்துகிறோம்.

உயிரோடு இருப்பதற்கு நிழலும் தண்ணீரும் முக்கியம். நமக்கு வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்து ஒரு நாள் வைக்கலாம், பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

செத்த கோழியை வேலிக்கு வெளியேயோ வாய்க்காலிலோ வீசுவதுதான் எல்லாவற்றிலும் கேடானது. நாய் இழுத்துக்கொண்டு போகும், காகம் கொத்திப் பறக்கும். கிணற்றிலிருந்து தள்ளி, மூன்று நான்கடிக் குழியில் போட்டு, மேலே சுட்ட சுண்ணாம்பு தூவி மண் மூடுங்கள். சாகப்போகிறது என்று அவசரமாக அறுத்தால் இறகும் குடலும் ரத்தமும் அதே வைரஸோடு குப்பைமேட்டுக்குப் போகும். அதையும் குழியில்தான் புதைக்க வேண்டும்.

## மறுபடி கோழி வாங்கும்போது

கடைசிக் கோழி செத்த மறுநாள் புதிதாக வாங்கி விட்டால் அதுவும் போகும். எச்சத்தில் உள்ள வைரஸ் நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வெகுநாள் தாக்குப்பிடிக்கும். கூட்டில் உள்ள எச்சம், வைக்கோல், மரத்தூள் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துக் குழியில் போடுங்கள். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகு, 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியுங்கள். எச்சம் ஒட்டியிருக்கும்போதே தெளித்தால் அந்த அழுக்கே பவுடரின் வீரியத்தைத் தின்றுவிடும், அதனால்தான் கழுவுவது முதலில். கூடையையும் பஞ்சாரத்தையும் நல்ல வெயிலில் புரட்டிப் புரட்டிக் காய வையுங்கள். பிறகு ஒரு மாதமாவது இடத்தைக் காலியாக விடுங்கள்.

தப்பிப் பிழைத்த கோழி இருந்தால், அது கழுத்து திருகியபடி நடமாடினாலும், சில வாரம் எச்சத்தில் வைரஸை வெளியேற்றலாம். ஊசி போட்ட கோழியும் நோயில்லாமலேயே கிருமியைக் கொஞ்சம் சுமக்கக்கூடும். ஆகவே ஊசியோடு சுத்தமும் சேர்ந்தே போக வேண்டும்.

புதிதாக வரும் கோழியை 21 நாள் தனியாக வைத்துப் பாருங்கள். உலக விலங்கு சுகாதார அமைப்பு இந்த நோய்க்கு நோயரும்பு காலமாகச் சற்றுக் கூடுதலாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும் நாட்கள் அவை. வந்த ஒரு வாரத்தில் குடற்புழு நீக்கம், அது தெளிந்ததும் வயதுக்கேற்ற தடுப்பூசி. குஞ்சாக வாங்கினால் பொரித்த தேதியைக் கேட்டு நாட்காட்டியில் எழுதி, ஏழாம் நாளையும் 28ஆம் நாளையும் 56ஆம் நாளையும் வட்டம் போட்டு, அதைக் கூட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுங்கள்.